எச்சரிக்கை மணி யார் கையில்?

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பிளக்ஸ்பேர்க் என்ற சிறுநகரில் அமைந்துள்ள வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 திங்கட்கிழமை இடம்பெற்ற படுகொலைகளைத் தமிழ் வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கொல்லப்பட்ட 32 பேரில் பேராசிரியர் ஜி.வி.லோகநாதனும் ஒருவர். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டமும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டமும் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்று, வேர்ஜீனியா டெக்கில் கால் நூற்றாண்டு காலம் சிவில் பொறியியல் கற்பித்தவர். நீரியல் அவரது துறை. பவானி ஆற்றின் வாய்க்கால்களை நம்பி நெல் விளையும் பகுதியில் பிறந்த ஒருவர் நீரின் கணக்கைப் படிப்பதை வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டதில் வியப்படைய எதுவுமில்லை.

அன்று அவரது வகுப்பு காலை 9.05 மணிக்குரியது. அதே வளாகத்தின் மாணவர் விடுதியொன்றில் இருவர் சுடப்பட்டு அப்போது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. அந்தச் செய்தி பல்கலைக்கழக நிருவாகத்தின் மேல்மட்டத்துக்குத் தெரியும். பொலிஸாருக்குத் தெரியும். மாநில ஆளுநரின் அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்பட்டுவிட்டது. வகுப்பறைகளை நோக்கி நடந்து கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் அவர்களது ஆசிரியர்களுக்கும் நிருவாகம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

துப்பாக்கிகள் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் இவ்வாறான கொலைகள் ஏன் நிகழ்கின்றன என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம். ஆபத்து பற்றிய தகவல் ஒரு வளாகத்தில் யாருக்குச் சொந்தம், அதை எவர் எப்போது மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளித்து வந்துள்ள பதில்களையே இங்கு நோக்குகிறேன். அதற்கு 1966 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

கோபுரத்தின் கீழே

டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஒஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்தின் நடுவே முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. 1966 ஓகஸ்ட் முதலாம் திகதி, முன்னாள் மரைன் படைவீரனான மாணவன் ஒருவன், முதல் நாள் இரவு தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, துப்பாக்கிகள் நிறைந்த பெட்டியுடன் அதன் 28 ஆவது மாடியிலுள்ள பார்வையாளர் தளத்துக்கு ஏறினான். முற்பகல் 11.48 மணியளவில் சுட ஆரம்பித்தான். பொலிஸ் உத்தியோகத்தர்கள் மேலேறி அவனைச் சுட்டுக் கொல்லும்வரை 96 நிமிடங்கள் அது நீடித்தது. பத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். முப்பதுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர்.

அந்த 96 நிமிடங்களில் வளாகத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களைத் தடுத்து நிறுத்தப் பல்கலைக்கழகத்திடம் வழியேதும் இருக்கவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்தவர்கள் நேராகத் துப்பாக்கியின் பார்வைக்குள் நடந்தார்கள். காயப்பட்டவர்களை ஏற்றுவதற்குப் பணம் கொண்டு செல்லும் கவச வாகனம் ஒன்றை வரவழைக்க வேண்டியிருந்தது. நகரவாசிகள் வீடுகளிலிருந்து துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கோபுரத்தை நோக்கிச் சுட்டார்கள்.

எச்சரிக்கும் பொறுப்பை அன்று ஏற்றுக் கொண்டது ஒரு வானொலி நிலையமே. கே.ரி.பி.சி. நிலையத்தின் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த நீல் ஸ்பெல்ஸ், ஒலிபரப்பு வசதி பொருத்தப்பட்ட காரில் வளாகத்தின் அருகே சென்று, அந்தப் பக்கம் எவரும் வரவேண்டாம் என்று திரும்பத் திரும்ப அறிவித்துக் கொண்டிருந்தார். சற்று நேரத்தின் பின் அந்நிலையத்தின் செய்தியாளர் ஒருவர் வைத்தியசாலையிலிருந்து இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நேரலையில் வாசித்தார். அப்போது கலையகத்தில் இருந்த மூத்த செய்தியாளர் போல் போல்டன் குறுக்கிட்டு, பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசிக்குமாறு கேட்டார். அதில் அவரது பேரனின் பெயர் இருந்தது. பதினெட்டு வயது இளைஞன். பாட்டனின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். செய்திப் பிரிவுகளில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பின்னர் தெரியவந்த இன்னொரு விடயமும் உண்டு. சம்பவத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 1966 மார்ச் 29 ஆம் திகதி, அந்த மாணவன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவரைச் சந்தித்து, கோபுரத்தில் ஏறி மான் வேட்டைத் துப்பாக்கியால் மனிதர்களைச் சுடுவது பற்றித் தனக்கு எண்ணம் எழுவதாகச் சொல்லியிருந்தான். மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வாரம் வருமாறு சொல்லி அனுப்பினார். அவன் வரவில்லை. குறிப்பு கோவையில் இருந்தது.

பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் பொலிஸ் படையை அமைக்க டெக்சாஸ் சட்டமன்றம் 1967 இல் இடமளித்தது. நாடெங்கும் நகரப் பொலிஸ் திணைக்களங்கள் விசேட ஆயுதப் பிரிவுகளை அமைத்ததற்கும் இச்சம்பவம் ஒரு தூண்டுதலாக இருந்தது. ஒஸ்டின் வளாகமோ ஒரேயொரு நாள் மூடப்பட்டு, மறுநாள் வழமைக்குத் திரும்பியது. இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுக்கல் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், 2016 ஓகஸ்ட் முதலாம் திகதியே அங்கு நாட்டப்பட்டது. அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் மறைத்து வைத்த கைத்துப்பாக்கியுடன் செல்லலாம் என்ற டெக்சாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான்.

பெற்றோர் எழுதிய சட்டம்

ஒரு காலத்தில் மாணவருக்குத் தாய் தந்தையரின் இடத்தில் பல்கலைக்கழகம் நிற்கிறது என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிலைப்பாடாக இருந்தது. இரவில் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் முதல் யாரோடு வெளியே போகலாம் என்பது வரை பல்கலைக்கழகம் தீர்மானித்தது. 1960 களில் சிவில் உரிமைப் போராட்டத்தின் ஊடாக வந்த தீர்ப்புகள், குறிப்பாக அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் நீக்கப்பட்டமை தொடர்பான 1961 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அந்த நிலைப்பாட்டைத் தகர்த்தன. மாணவர் வளர்ந்தவராக மதிக்கப்பட்டார். அது நியாயமான மாற்றமே. ஆனால் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கைவிட்ட பல்கலைக்கழகங்கள் அதனோடு காக்கும் பொறுப்பையும் மெல்லக் கைநழுவ விட்டன. வளர்ந்தவர் தம்மைத் தாமே பாதுகாத்துக் கொள்ளலாம். அதற்கு அவருக்குச் சுற்றுப்புறம் பற்றிய உண்மை தெரிந்திருக்க வேண்டும். அந்த உண்மையைத்தான் பல்கலைக்கழகங்கள் தம்மிடம் வைத்துக் கொண்டன.

ஹவார்ட் கிளெரி, கொனி கிளெரி தம்பதியர் தங்கள் மகள் ஜீனுக்குப் பல்கலைக்கழகம் தேடியபோது பாதுகாப்பையும் கருத்தில் கொண்டார்கள். முதலில் நினைத்திருந்த துலேன் பல்கலைக்கழகத்தின் அயலில் ஒரு கொலை நடந்ததை அறிந்து, பென்சில்வேனியாவில் மரங்கள் சூழ்ந்த மலைச்சரிவிலுள்ள லீஹாய் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தார்கள். 1986 ஏப்ரல் 5 ஆம் திகதி அதிகாலை, அங்கு முதலாண்டு மாணவியாக இருந்த 19 வயது ஜீன், தமது விடுதி அறையில் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். கொலையாளி அதே பல்கலைக்கழகத்தின் மாணவன்; அவருக்கு அறிமுகமில்லாதவன். அறைக்குச் செல்லும் வழியில் தாமாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் மூன்று இருந்தன. மூன்றையும் பீட்சா பெட்டி போன்றவற்றை இடையில் வைத்து மாணவர்கள் திறந்து விட்டிருந்தார்கள்.

முந்திய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் பதிவாகியிருந்தன என்பது மகளை அடக்கம் செய்த பின்னரே பெற்றோருக்குத் தெரியவந்தது. அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. 1987 இல் 'செக்கியூரிட்டி ஒன் கம்பஸ்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். முதலில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1988 இல் ஒரு சட்டம் வந்தது. 1990 நவம்பரில் ஜனாதிபதி முதலாவது புஷ் கைச்சாத்திட்ட மத்திய சட்டம் வந்தது. 1998 இல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயர் சூட்டப்பட்டது.

அந்தச் சட்டத்தின் பலம் அதன் எளிமையில் இருந்தது. பூட்டுப் போடு, காவலாளியை நியமி என்று அது பல்கலைக்கழகங்களுக்குக் கட்டளையிடவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் வளாகத்தில் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையை வருடந்தோறும் வெளியிடு, தொடர்ந்தும் ஆபத்து இருக்குமானால் உரிய காலத்தில் மாணவரையும் ஊழியரையும் எச்சரி என்பவையே அதன் சாரம். மறுத்தால் மத்திய அரசாங்கத்தின் மாணவர் நிதியுதவி கேள்விக்குள்ளாகும், தண்டப்பணமும் உண்டு. அமெரிக்க உயர்கல்வி அந்த நிதியில் எந்தளவுக்குத் தங்கியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பிடியின் இறுக்கம் விளங்கும்.

இதே காலத்தில் மிசூரி மாநிலத்தில் மாணவர் பத்திரிகையொன்றின் ஆசிரியையாக இருந்த மாணவி ஒருவர் நடத்திய போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வளாகப் பொலிஸின் குற்றப் பதிவேட்டைப் பார்வையிட அவர் அனுமதி கேட்டார். 1974 ஆம் ஆண்டின் மாணவர் அந்தரங்கத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் மறுத்தது. பரீட்சைப் புள்ளிகளைப் பாதுகாப்பதற்கென வந்த சட்டம் பாலியல் தாக்குதல் பற்றிய பொலிஸ் முறைப்பாட்டை மறைக்கவும் பயன்பட்டது! 1991 இல் மத்திய நீதிமன்றம் அந்த மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, வளாகப் பொலிஸின் ஆவணங்கள் அந்தப் பாதுகாப்புக்குள் அடங்கமாட்டா என்று தெளிவுபடுத்தியது.

7.15 இலிருந்து 9.26 வரை

ஆக, 2007 ஏப்ரலில் 'உரிய காலத்தில் எச்சரிக்கை' என்ற சொற்கள் சட்டப் புத்தகத்தில் ஏறிப் பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. எது உரிய காலம் என்பதைச் சட்டம் நிமிடக் கணக்கில் சொல்லியிருக்கவில்லை.

காலை 7.15 மணியளவில் வெஸ்ட் அம்ப்ளர் ஜோன்ஸ்டன் விடுதியில் ஒரு மாணவியும் விடுதி உதவியாளராக இருந்த ஒரு மாணவனும் சுடப்பட்டனர். சுட்டவன் தப்பிவிட்டான். துப்பாக்கி கிடைக்கவில்லை. அந்த மாணவியின் காதலனிடம் துப்பாக்கி உண்டு என்று அறைத்தோழி சொன்னதை வைத்துக்கொண்டு, இது காதல் விவகாரம், சந்தேகநபர் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று பொலிஸார் ஊகித்தார்கள். நிருவாகத்தின் 'கொள்கைக் குழு' 8.25 மணியளவில் தலைவரின் அலுவலகத்தில் கூடியது. வளாகப் பொலிஸ் அதிபர் நினைத்தாலும் தாமாக மாணவர்களுக்கு அறிவித்தல் அனுப்ப முடியாது. கொள்கைக் குழு சம்மதிக்க வேண்டும், அனுப்பும் வசதியும் பொலிஸிடம் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன்னர், 2006 ஓகஸ்டில், தப்பியோடிய கைதியொருவன் வளாகத்தின் அயலில் இருவரைக் கொன்றுவிட்டுத் திரிந்தபோது வகுப்புகள் நிறுத்தப்பட்டு, வதந்திகளும் பீதியும் பரவியிருந்தன. மீண்டும் அப்படியொரு நிலையை ஏற்படுத்த நிருவாகம் விரும்பவில்லை.

குழு வாசகங்களை யோசித்துக் கொண்டிருந்த நேரத்தில் நகரத்தின் பாடசாலைகள் கதவுகளைப் பூட்டின. பல்கலைக்கழகத்தின் சில பிரிவுகள் தாங்களாகவே கேள்விப்பட்டுப் பூட்டிக்கொண்டன. வளாகத்தில் குப்பை சேகரிக்கும் வேலையும் நிறுத்தப்பட்டது. கொலையாளி நகரத் தபாலகத்துக்குச் சென்று தொலைக்காட்சி நிறுவனமொன்றுக்குப் பொதி அனுப்பிவிட்டு ஆறுதலாகத் திரும்பி வந்தான். 9.26 மணிக்கு மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் முதலாவது மின்னஞ்சல் போனது. விடுதியொன்றில் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் நடந்துள்ளது, பொலிஸார் விசாரிக்கின்றனர், அவதானமாக இருங்கள் என்பதுதான் அதன் உள்ளடக்கம். இருவர் சுட்டுக் கொல்லப்பட்டதாகவோ கொலையாளி பிடிபடவில்லை என்றோ அதில் இல்லை. 9.05 வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

9.40 மணியளவில் நொரிஸ் மண்டபத்தில் சூடு ஆரம்பித்தது. மூன்று பிரதான வாயில்களும் உள்ளிருந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. சங்கிலியிட்ட வாயிலொன்றின் அருகே குண்டு மிரட்டல் துண்டொன்றைக் கண்ட விரிவுரையாளர் ஒருவர் அதைத் துப்புரவுப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்து மூன்றாம் மாடியிலுள்ள பீடாதிபதி அலுவலகத்துக்கு அனுப்பினார். இப்படியான மிரட்டலை உடனடியாகப் பொலிஸுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற பணிப்புரை கடதாசியில் இருந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒருபோதும் ஒத்திகை பார்க்கப்படாத பணிப்புரை எவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரும்?

கொலையாளி முதலில் நுழைந்தது 206 ஆம் இலக்க அறைக்குள். லோகநாதன் அங்கு உயர் நீரியல் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தார். அவரும் 13 மாணவர்களில் 9 பேரும் உயிரிழந்தனர். அந்தக் கட்டடத்தின் வகுப்பறைக் கதவுகள் எவற்றையும் உள்ளிருந்து பூட்ட முடியாது. 205 ஆம் அறையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டதும் ஆசிரியரின் மேசையைக் கதவோடு தள்ளி வைத்து, நிலத்தில் படுத்தபடி அழுத்திப் பிடித்துக் கொண்டார்கள். கதவினூடாகச் சுட்டும் அவனால் நுழைய முடியவில்லை. அங்கு ஒருவருக்கும் காயமில்லை. 204 இல், நாஜிகளின் யூத இன அழிப்பிலிருந்து சிறு பிராயத்தில் தப்பிய ருமேனியரான 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு தம் உடலால் கதவை மறித்து நின்று, மாணவர்களை யன்னல் வழியாகக் குதிக்கச் செய்தார். அவர் கொல்லப்பட்டார்; அவரது மாணவர்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் உயிர் தப்பினர். பதினொரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. துப்பாக்கிதாரி ஒருவன் வளாகத்தில் இருக்கிறான், வெளியே வரவேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன மின்னஞ்சல் 9.50 க்கு அனுப்பப்பட்டது.

சில நிமிட முன்னறிவித்தலும் ஒரு மேசையும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு 205 ஆம் அறை சாட்சி. மறுபக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆளுநர் நியமித்த விசாரணைக் குழு 2007 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், 26,000 மாணவர்கள் படிக்கும் ஒரு வளாகத்தை ஒரு பாடசாலையைப் போல முழுவதுமாகப் பூட்டிவிடுவது நடைமுறைச் சாத்தியமற்றது என்று ஏற்றுக்கொண்டது. கொலையாளியும் மாணவன், எச்சரிக்கை அவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியிருந்தும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், பொலிஸாருக்கே அறிவித்தல் அனுப்பும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதே குழுவின் முடிவு. அவனது மனநிலை பற்றி ஆசிரியர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் பொலிஸாரும் ஆளுக்கொரு துண்டு அறிந்திருந்தார்கள், அந்தரங்கச் சட்டத்தைத் தவறாக விளங்கிக் கொண்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்தார்கள் என்றும் அறிக்கை கூறியது. டெக்சாஸ் மருத்துவரின் கோவை நாற்பத்தொரு ஆண்டுகளின் பின்னர் பல கோவைகளாகப் பிரிந்து கிடந்தது என்று சொல்லலாம்.

செய்தியாளர் தொழிலில் முதுமையை நெருங்கிக் கொண்டிருப்பவன் என்ற வகையில் எனக்கு அந்தக் கொள்கைக் குழுவின் தயக்கம் புரிகிறது. உறுதிப்படுத்தாததை வெளியிடாதே என்பது நாம் படித்த முதற்பாடம். ஊரடங்குக் காலங்களில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்பதை இலங்கையில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், பிளக்ஸ்பேர்க்கில் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது எது? இருவர் சுடப்பட்டதும் சுட்டவன் பிடிபடாததும் 7.30 க்குள் உறுதியான செய்திகள். உறுதியற்றிருந்தது காதலன்தான் கொலையாளி என்ற ஊகம். உறுதியான செய்தியை நிறுத்தி வைத்தார்கள். ஊகத்தை நம்பிச் செயற்பட்டார்கள்.

தண்டப்பணமும் தீர்ப்பும்

அதே நாட்களில் மிச்சிகன் மாநிலத்தில் இன்னொரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதியில் 2006 டிசம்பரில் ஒரு மாணவி இறந்து கிடந்தார். சந்தேகத்துக்கு இடமில்லை என்று குடும்பத்தினருக்கும் வளாகத்துக்கும் சொல்லப்பட்டது. பத்து வாரங்களின் பின்னர் சக மாணவன் ஒருவன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோதுதான் பெற்றோருக்கு உண்மை தெரிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் 2007 யூலையில் பதவி நீக்கப்பட்டார். மூன்றரை இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்தப்பட்டது.

இவற்றின் விளைவாக 2008 ஓகஸ்டில் காங்கிரஸ் கிளெரி சட்டத்தைத் திருத்தியது. பாரதூரமான அவசர நிலை உறுதியானதும் தாமதமின்றி வளாகத்துக்கு அறிவிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையேனும் அந்த ஏற்பாட்டைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னரே, அந்த வருடம் பெப்ரவரி 14 ஆம் திகதி, வடக்கு இலினோய் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது கால் மணித்தியாலமளவில் இணையத்தளத்தில் எச்சரிக்கை வெளியாகிவிட்டது.

வேர்ஜீனியா டெக் மீது கல்வித் திணைக்களம் 2011 இல் 55,000 டொலர் தண்டம் விதித்தது. ஒரு குற்றத்துக்கு உச்சத் தொகையே அப்போது 27,500 டொலர்தான். பல்கலைக்கழகம் அதை எதிர்த்து முறையீடு செய்தது. அந்த விசாரணைக்காக வளாகப் பொலிஸ் அதிபர் வாஷிங்டனில் இருந்த நாளில், 2011 டிசம்பர் 8 ஆம் திகதி, வளாக வாகனத் தரிப்பிடத்தில் பல்கலைக்கழகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இம்முறை ஏறத்தாழ இருபது நிமிடங்களில் எச்சரிக்கை அனைவரது கையடக்கத் தொலைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இழுபட்ட தண்டப்பண விவகாரம் 2014 இல் 32,500 டொலருடன் முடிந்தது. உயிரிழந்த இரு மாணவிகளின் பெற்றோர் தொடுத்த வழக்கில் ஜூரிகள் 2012 இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். வேர்ஜீனியா உயர் நீதிமன்றம் 2013 அக்டோபரில் அதை மாற்றியது. மூன்றாம் ஆளொருவனின் குற்றச்செயல் பற்றி மாணவர்களை எச்சரிக்கும் சட்டக் கடமை அந்தச் சூழ்நிலையில் அரசுக்கு இருக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தீர்ப்பு சட்ட நுணுக்கப்படி சரியாக இருக்கக்கூடும். அந்தப் பெற்றோர் பணத்துக்காக வழக்காடவில்லை என்பது மட்டும் தெரிந்ததே. மற்றைய குடும்பங்களுடன் சேர்ந்து சமரசத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பை ஏற்காமல்தான் அவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

கதவுகளின் கதை மெதுவாகவே நகர்ந்தது. 2016 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் கொல்லப்பட்டபோது, பூட்ட முடியாத வகுப்பறைக் கதவுகளை மாணவர்கள் இடுப்புப் பட்டிகளால் கட்டி இழுத்துப் பிடித்திருந்தார்கள். நொரிஸ் மண்டபத்துக்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னர்! இன்று வேகம் கூடிவிட்டது. கூடவே பொய் அழைப்புகளும் கூடிவிட்டன. 2025 ஓகஸ்ட் இறுதியில் பென்சில்வேனியாவின் வில்லனோவா உட்படப் பல பல்கலைக்கழகங்களில், துப்பாக்கிதாரி நடமாடுவதாகக் கிடைத்த பொய்த் தகவலால் புதிய மாணவர்களும் பெற்றோரும் ஓடி ஒளிந்தார்கள். எச்சரிக்கையை உடனே அனுப்பியதற்காக நிருவாகங்களைப் பெரிதாக எவரும் குறை கூறியதாகத் தெரியவில்லை.

நமது நாட்டு வளாகங்களில் ஆபத்தின் வடிவம் வேறு. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் கொடுமையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அதன் பின்னர் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாரிய காயமோ பாலியல் துன்புறுத்தலோ ஏற்பட்டால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. கடுமையான சட்டம்தான். ஆனால், தனது வளாகத்தில் எத்தனை முறைப்பாடுகள் கிடைத்தன, அவற்றுக்கு என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடந்தோறும் வெளியிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஜனாதிபதி பைடன் கைச்சாத்திட்ட பகிடிவதைத் தடுப்புச் சட்டம் கிளெரி சட்டத்தோடு இணைக்கப்பட்டபோது அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தது. எந்த மாணவர் அமைப்பு பகிடிவதையில் ஈடுபட்டதாக விசாரணையில் கண்டறியப்பட்டது என்பதை அந்த அமைப்பின் பெயருடன் பல்கலைக்கழகம் பகிரங்கப்படுத்த வேண்டும். வருடத்துக்கு இரு தடவைகளேனும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கும் பிள்ளைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் தர வரிசையையும் கட்டணத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் முதலாம் திகதிக்குள் வெளியிட வேண்டிய வருடாந்தப் பாதுகாப்பு அறிக்கை இணையத்தில் எவரும் வாசிக்கக்கூடியது. அதில் மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கு இருக்கும். அவசர வேளையில் எச்சரிக்கையை அனுப்பும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருடையது என்பதையும் அதில் எழுதியே ஆகவேண்டும்.